மூன்று மணிக்கு மேல் வார்த்த அட்டை

சாரதாமணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை பட்டறையில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கூழ்த்தொட்டி நிரம்பி வழிந்தாலும், விறகு லாரி தாமதமாக வந்தாலும் அவள் சத்தம் போடுவாள். அது வேலையின் ஒரு பகுதி. ஆனால் யாரிடமாவது மெதுவாக "அப்படிங்களா" என்று கேட்டாள் என்றால், பக்கத்தில் நிற்பவர்கள் வேறு சோலியைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் அவளுடைய முட்டை அட்டைப் பட்டறை இருந்தது. பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்கி, அச்சில் வார்த்து, களத்தில் காயவைத்து, நூறு நூறாகக் கட்டி, சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கு அனுப்புவது தொழில். ஓர் அட்டையில் முப்பது முட்டை உட்காரும். ஆரம்பித்துக் கொடுத்தவர் கணவர் அர்த்தநாரி. அவர் போர்வெல் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்ப எட்டு மாதமாகும். அதனால் தொழிலை நடத்தியது சாரதாமணியும் அவள் தம்பி நந்தகுமாரும்தான்.

அட்டை ஒன்று இரண்டு ரூபாய் இருபது காசு. பேப்பர், கரண்டு, விறகு, கூலி எல்லாம் சேர்ந்து ஒன்று அறுபது ஆகும். மிச்சமிருக்கும் அறுபது காசில் நாற்பது ஷெட் வாடகைக்கும் பேங்க் தவணைக்கும் மேஸ்திரி சம்பளத்துக்கும் போய்விடும். கடைசி இருபது காசுதான் அவள் வீட்டு உலை. இதை அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை. அவளுக்குத் தன் வயதைப் போல அது மனப்பாடம்.

புரட்டாசியில் ஊரே முட்டையை ஒதுக்கும். அந்த வருடமும் ஆர்டர் இறங்கியது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்படி நின்ற ஒரு மத்தியானத்தில்தான் பிரபாகர் வந்தான். சேலம் அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு முட்டை ஏற்றுமதிக் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்ற மெஷினைச் சுற்றி வந்து, அதன்மேல் கையை வைத்துப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்தது.

அவன் பேசியது எல்லாமே நியாயம் போலத்தான் இருந்தது. ஷெட் வாடகையும் தவணையும் காலை ஷிப்டிலேயே வந்துவிடுகின்றன. மூன்று மணிக்கு மேல் வார்க்கும் ஒவ்வோர் அட்டைக்கும் ஆகிற செலவு பேப்பரும் கரண்டும் விறகும் கூலியும் மட்டும்தான். அதற்குமேல் பத்துக் காசு தருகிறேன், ஒன்று எழுபதுக்குக் கொடுங்கள். சும்மா நிற்கிற மெஷினுக்கு வருகிற பத்துக் காசு முழுக்க லாபம்.

"மூணு மணிக்கு மேல வாடகை நின்னு போகுதுங்களா?" என்று கேட்டாள் சாரதாமணி.

பிரபாகர் சிரித்தான். நந்தகுமாரும் சேர்ந்து சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்கத் தம்பி அவளை விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கென்று ஒரு வருமானம் காட்ட வேண்டியிருந்தது. அந்த அவசரம் அவன் பேச்சில் இருந்தது. கடைசியில் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டாள். அந்த அட்டைகள் உள்ளூர் வியாபாரத்துக்குள் வரக் கூடாது. கப்பலுக்குப் போகிற அட்டைக்கு உள்ளூரில் என்ன வேலை என்று பிரபாகர் போனில் சொன்னான். அதை யாரும் எழுதி வாங்கவில்லை. ஆர்டர் வாரா வாரம் வரும். வேண்டாம் என்றால் அடுத்த வாரம் நிறுத்திக்கொள்ளலாம்.

சாயங்கால ஷிப்டுக்கு ஆள் வேண்டும். களத்தில் அட்டை பரப்பி அடுக்கும் ஆறு பெண்களும் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களில் மூத்தவள் சின்னாயி. எட்டு மணிவரை இருக்கச் சொல்லி, கூடுதலாக உழைக்கும் நேரத்துக்குப் பாதிக் கூலி என்றாள் சாரதாமணி. கட்டாது என்றாள் சின்னாயி. வந்தது வந்தாச்சு, இனி புதுசாக என்ன செலவு, உடம்பு இங்கேதானே இருக்கிறது என்று சாரதாமணி சொன்னாள். சொல்லும்போது அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைக்கவில்லை. ஒன்று எழுபதுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

முதல் மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் களத்தில் அட்டை காயவில்லை. விறகை எரித்துச் சூட்டு அறையில்தான் காயவைக்க வேண்டியிருந்தது. விறகுச் செலவு இரட்டித்தது. ஓயாமல் ஓடியதில் மெஷினின் பேரிங் போய், இரண்டு நாள் காலை ஷிப்டும் சேர்ந்து நின்றது. அந்த இரண்டு நாள் நட்டத்தை எந்த அட்டையின் தலையில் எழுதுவது என்று நந்தகுமாரைக் கேட்டாள். சராசரியில் எல்லாம் சரியாகிவிடும் என்றான் அவன்.

இதற்கு நடுவே பழைய வாடிக்கைகளின் ஆர்டர் தேய்ந்துகொண்டே வந்தது. கார்த்திகையிலும் முட்டைக்கு மந்தம்தான், அதனால் முதலில் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருந்த காளிதாஸ், பதினோரு வருடமாக மாதம் தவறாமல் எடுத்துக்கொண்டிருந்தவன், போனையே எடுக்காமல் போனதும் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பண்ணை முட்டை அறையில் அட்டைக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. காளிதாஸ் அவளைப் பார்த்ததும் டீ சொல்லப் போனான். அவள் ஒரு கட்டைப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். நடுவில் 'சா' என்ற எழுத்து புடைத்திருந்தது. அச்சு வாங்கிய புதிதில் அர்த்தநாரி ஆசையாகப் பொறித்துவைத்த எழுத்து அது.

"இது என்ற அட்டையாச்சே, காளிதாசு."

"ஆமாங்க. உங்க அட்டைதான்னு பார்த்துத்தானுங்க வாங்குனேன். கம்பெனி வேன்ல கொண்டாந்து எறக்குனாங்க. ஒண்ணு தொண்ணூறு."

சாரதாமணி அந்த அட்டையைக் கையில் வைத்தபடியே நின்றாள். கப்பலுக்குப் போன அட்டை இருபது மைல்கூடத் தாண்டவில்லை. அவளிடம் ஒன்று எழுபதுக்கு வாங்கி, அவளுடைய வாடிக்கையிடமே ஒன்று தொண்ணூறுக்கு இறக்கியிருக்கிறார்கள். வழக்கமாகத் தன்னிடம் வாங்குகிற பண்ணைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஆர்டர் குறைந்தவை எல்லாம் இந்த எருமப்பட்டிச் சாலையில்தான் இருந்தன.

காளிதாஸ் டீ டம்ளரை நீட்டவில்லை. பக்கத்து மேஜையில் வைத்தான். அவன் முகத்திலும் ஏதோ இருந்தது.

"எனக்கும் ஒரு கேள்வி இருக்குதுங்க்கா. அவிங்களுக்கு நீங்க ஒண்ணு எழுபதுக்குப் போடறதா வேன்காரன் சொன்னான். நெசந்தானுங்களா?"

அவள் ஆமாம் என்றாள்.

"அந்த வெலைக்குக் கட்டுதுன்னா, பதினோரு வருசமா எங்கிட்ட அம்பது காசு சேத்தி வாங்குனது என்னத்துக்குங்க? கோழிக்குச் சீக்கு வந்து நான் மண்ணோட மண்ணாக் கெடந்த வருசம், அஞ்சு காசு கொறைங்கன்னு உங்க பட்டறை வாசல்ல வந்து நின்னேன். கட்டாதுன்னீங்க."

அவளுக்குப் பதில் தெரியும். அந்த ஐம்பது காசில்தான் ஷெட் நிற்கிறது. காளிதாசும் அவனைப் போன்ற நாற்பது பண்ணைகளும் வாடகையைச் சுமந்ததால்தான், அந்த ஷெட்டுக்குள் சாயங்காலம் மலிவாக ஓர் அட்டை வார்க்க முடிந்தது. ஆனால் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவனிடம், நீ கட்டிய வாடகையில்தான் இன்னொருவனுக்கு மலிவு விலை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவன் கோபம் நியாயம் என்பதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. டீயைக் குடிக்காமல் கிளம்பினாள். அந்த அட்டையை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நந்தகுமாரைக் காரை எடுக்கச் சொன்னாள். காளிதாஸ் பண்ணையில் எடுத்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அஸ்தம்பட்டி ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. பிரபாகர் எழுந்து நின்று வரவேற்றான், காபி வரவழைத்தான். அவள் அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளை முதலில் தடுமாற வைத்தது. கன்டெய்னர் குறைந்துவிட்டது, ஸ்டாக் மீந்தது, மீந்ததை விற்றோம், வாங்கிய பொருளை விற்கக் கூடாது என்று ஆர்டரில் எங்கேயும் இல்லையே என்றான். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான். சில்லறைப் பண்ணைகளோடு அவள் ஏன் அலைய வேண்டும்? காலை ஷிப்ட், சாயங்கால ஷிப்ட் இரண்டையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுபத்தைந்து. வசூல் அலைச்சல் இல்லை, வண்டி வாடகை இல்லை.

நந்தகுமார் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"மூணு மணிக்கு மேல வார்த்த அட்டைக்குத்தான் அந்த வெலைன்னு எங்க ஷெட்டுல நின்னு சொன்னீங்க. இப்பக் காலம்பற வார்க்கற அட்டைக்கும் அதே வெலைங்கறீங்க. அப்ப வாடகைய எந்த அட்டைங்க கட்டும்?"

"அது உங்க ஓவர்ஹெட் மேடம். அதை நாங்க எப்படிச் சுமக்க முடியும்? உங்க காஸ்ட் ஒண்ணு அறுபதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டதுதானே."

"அப்படிங்களா."

பிரபாகருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியாது. அவள் செய்யாவிட்டால் செய்ய ஆள் இருக்கிறது, ராசிபுரம் பக்கம் ஒருவரிடம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று மரியாதையாகவே சொன்னான். அவள் எழுந்தாள். இந்த வார அட்டை வந்து சேரும், அடுத்த வாரம் முதல் ஓர் அட்டைகூட வராது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

திரும்பி வரும் வழியில், மல்லூர் தாண்டியதும் நந்தகுமார் வெடித்தான். ரோசம் சோறு போடாது, பழைய வாடிக்கையும் போய், கம்பெனியும் போனால் தவணையை எதில் கட்டுவது என்று கத்தினான். பிரபாகர் கணக்கில் தப்பு என்ன, பத்துக் காசு வந்ததா இல்லையா என்று கேட்டான்.

"வந்துச்சு. நின்னுபோன மெஷினுக்குப் போட்ட கணக்கு அது. அத அவன் ஓடற மெஷினுக்கும் போட்டுட்டான். நீ அவங்கூடச் சேர்ந்து சிரிச்சயே, அதத்தான் என்னால மறக்க முடியல."

 அடுத்த வாரத்திலிருந்து நந்தகுமார் பட்டறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

சாயங்கால ஷிப்ட் நின்றது. நிற்கிறது என்று களத்தில் சொன்னபோது சின்னாயி கட்டிக்கொண்டிருந்த கட்டைக் கீழே வைத்தாள். திடீரென்று நிறுத்தினால் என்ன செய்வது, அந்தக் காசை நம்பிச் சீட்டுப் போட்டிருக்கிறோம் என்றாள். தனக்குக் கட்டுப்படியாகவில்லை, அதனால் நிறுத்துகிறேன் என்றாள் சாரதாமணி.

"உங்களுக்குக் கட்டலைன்னா நிறுத்திக்கறீங்க, அம்மணி. எங்களுக்குக் கட்டலைன்னு அன்னைக்கே சொன்னமே. ஒடம்பு இங்கதான கெடக்குதுன்னீங்க."

 ஒரே வாரத்தில் வாடிக்கை, கம்பெனி, தம்பி என்று எல்லோரிடமும் பட்டாயிற்று, இவளும் வந்துவிட்டாள் என்றிருந்தது சாரதாமணிக்கு. இஷ்டமிருந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு பெண்கள் உண்மையிலேயே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஜவ்வரிசி மில் ஒன்றில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மார்கழியும் தையும் அவள் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். எல்லோருக்கும் ஒரே விலை, கம்பெனிக்குத் தனி விலை இனி இல்லை என்றாள். சிலர் திரும்பினார்கள். பலர் ஒன்று தொண்ணூறிலேயே நின்றார்கள், ஏனென்றால் அந்த விலைக்கு அட்டை வருவது நிற்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் 'சா' இல்லை. ராசிபுரம் சாலையில் செபஸ்தியான் என்பவர் நடத்திய பட்டறையின் அட்டைகள் அவை. இரண்டு ஷிப்டையும் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

சாரதாமணிக்கு அந்த ஆளோடு பழக்கமில்லை. ஒரே தொழில், ஒருமுறை பேப்பர் மண்டியில் பார்த்திருக்கிறாள். ஆனால் இரண்டு மாதம் அவள் பிரபாகரைவிடச் செபஸ்தியானைத்தான் அதிகம் திட்டினாள். வெளியூர்க்காரன் கழுத்தைப் பிடிப்பான், அது அவன் பிழைப்பு. ஒரே தொழில் செய்கிறவன் தன் கழுத்தையும் நீட்டி, அடுத்தவள் கழுத்தையும் காட்டிக் கொடுக்கலாமா? தான் மாட்டேன் என்று எழுந்து வந்த நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்துகொண்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது. பங்குனியில் பேப்பர் விலை ஏறியது. செபஸ்தியான் பட்டறையை மூடிவிட்டார், மெஷினை விற்கிறார் என்று மண்டியில் பேச்சு வந்தது. நல்லது என்று நினைத்தாள். அவர் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஆறாது என்று அன்றே கிளம்பினாள்.

அவள் போனபோது மெஷினைக் கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியான் அறுபதைத் தொட்ட மனிதர். சட்டைக் கையில் கிரீஸ். யார் என்று தெரிந்ததும், வாங்க என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்ததை நின்றபடியே கொட்டினாள்.

"நானு வேண்டாமுன்னு எந்திரிச்சு வந்த வெலைங்க அது. நாம ரெண்டு பேரும் முடியாதுன்னு சொல்லியிருந்தா அவன் எங்கீங்க போயிருப்பான்? நீங்க தலைய ஆட்டுனதுல என்ற பாதி வாடிக்கை போச்சு. உங்களுக்காச்சும் என்ன நின்னுச்சு?"

செபஸ்தியான் முழுவதையும் கேட்டார். பிறகு லாரியைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் முதல்ல முடியாதுன்னுதாம்மா சொன்னேன். ரெண்டு ரூபாய்க்குக் கீழ வராதுன்னேன். அவரு ஒரு பில்லை எடுத்து டேபிள் மேல வெச்சாரு. உங்க பட்டறை பில்லு. ஒண்ணு எழுபது. சேந்தமங்கலம் ரோட்டுல ஒரு பொம்பள இந்த ரேட்டுக்கு மூணு மாசமா குடுக்குது, உங்களால ஏன் முடியலன்னாரு. அது சாயங்கால ஷிப்டு ரேட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குக் கட்டும்போது எனக்குக் கட்டாதான்னு ஒண்ணு அறுபத்தஞ்சுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை. சாரதாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிறுத்திவிட்டேனே என்று சொல்லலாம். பில்லைக் காட்டுவான் என்று எனக்கும் தெரியாதே என்று சொல்லலாம். காளிதாசிடம் சொல்ல முடியாமல் விழுங்கியது போலவே இதையும் விழுங்கினாள். கிரேன்காரன் கயிற்றை இறுக்கச் சொல்லிக் கூப்பிட்டான். செபஸ்தியான் லாரிப் பக்கம் போனார். லாரி சாலையில் ஏறித் திரும்பும்வரை அவளும் அங்கேயே நின்றாள். 

வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. இதுவரை வெளியே பாய்ந்துகொண்டிருந்தது இப்போது உள்ளே திரும்பிக் கடித்தது. தான் பிரபாகரிடம் கொடுத்தது அட்டையை மட்டுமல்ல, ஒரு விலையை. அந்த விலை அவளை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கதவைத் தட்டியிருக்கிறது. வேண்டாம் என்று எழுந்து வந்த பெருமையை அவள் நாலு மாதமாகப் போகிற பண்ணையிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் கூசியது.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, சாயங்கால ஷிப்டில் பிடித்த பாதியையும் சேர்த்து நான்கு பெண்களுக்கும் கொடுத்தாள். ஜவ்வரிசி மில்லுக்குப் போன இருவருடையதைச் சின்னாயியிடமே தந்து சேர்த்துவிடச் சொன்னாள். அன்றைக்குப் பார்த்து வந்திருந்த நந்தகுமார், முடிந்துபோன கதைக்கு இப்போது எதற்கு, யாராவது கேட்டார்களா என்று முணுமுணுத்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வெளியே போனான்.

சின்னாயி காசை எண்ணவில்லை, நன்றியும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள்.

"எட்டு மணிக்கு மேல எங்க ஊருக்கு பஸ்சு இல்லீங்க, அம்மணி. ஆறு பேரும் ஆட்டோ புடிச்சுத்தான் போனம். அது எங்க கைக்காசு."

சாரதாமணிக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இவ்வளவு கொடுத்தும் போதவில்லையா என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒருநாள்கூட, இவர்கள் எப்படி வீடு போய்ச் சேருகிறார்கள் என்று தான் கேட்டதில்லை என்பதும் அதே நேரத்தில் உறைத்தது.

"ஆட்டோவுக்கு எவ்வளவுன்னு அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா மட்டும் குடுத்திருப்பீங்களாக்கும்."

அவள் காசு இருந்த மேஜை இழுப்பறையை மறுபடியும் திறந்தாள்.

சித்திரையில் பிரபாகரின் கம்பெனி பண்ணைகளுக்கு அட்டை இறக்குவதை நிறுத்திக்கொண்டது. மலிவாக வார்த்துத் தர ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாரதாமணிக்குப் போன் செய்தார்கள். இப்போது அவள் இரண்டு ஐம்பது சொன்னாலும் வாங்கியிருப்பார்கள். வேறு வழியில்லாதபோது இன்னும் முப்பது காசு ஏற்றிக்கொள்ளலாமே என்று நந்தகுமார் சொல்லவும் செய்தான். பேப்பர் ஏறிய பத்துக் காசை மட்டும் ஏற்றி, இரண்டு முப்பது என்று எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னாள். காளிதாஸ் மட்டும் போன் செய்யவில்லை. அவன் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து எங்கிருந்தோ வண்டி வாடகை கொடுத்து வரவழைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவளுடையதைவிட அதிக விலைக்கு. அதைக் கேட்டபோதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்த முறை அது யார் மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.